வாசல்ல யாரு நிக்கணும்

முடியாது பிள்ள. கோவிச்சுக்கிடாத. வேற என்ன வேணும்னாலும் கேளு. என் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கோ, அந்த ஆரஞ்சை எடுத்துக்கோ, உங்க அம்மாவுக்குக் கால் பிடிச்சு விடணும்னா சொல்லு, வந்து பிடிச்சு விடுதேன். அதை மட்டும் கேக்காத. நான் இப்ப யாருக்கும் பரலோகம் சொல்லுததில்ல. விட்டுட்டேன். எட்டு மாசமாச்சு.

உனக்கு யாரு சொன்னா? மத்தியானம் வந்தாளுவளே, எங்க ஊரு சபைப் பெண்கள் ஐக்கியத்துக்காரிய, அவளுவதானே? ஓட்டவாய்க்காரிய. ஆபரேசன்காரியைப் பாக்க வந்தாளுவளா, வார்டு பூராவும் தமுக்கடிக்க வந்தாளுவளா தெரியல. 'எங்க பரலோகக் கனகம்'னு அந்த டெய்சி கத்துனது கீழ கேண்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

சரி, உக்காரு. கட்டில்ல உக்காராத, அந்தக் குட்டை நர்ஸ் வைவா. ஸ்டூலை இழுத்துப் போடு. உங்க அம்மா தூங்குதாவளா? கண்ணு மூடித்தான் இருக்கு. பக்கத்துக் கட்டில்ல கெடக்க மனுசிக்கு ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல மாட்டேங்குதாளே, இவ என்ன கிறிஸ்தவச்சின்னு நீ நெனைப்ப. நெனைக்கத்தான் செய்வ. அதனால உனக்குச் சொல்லுதேன். திரையை இழுத்து விடு.

நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் நெஞ்சைத் தொறக்கப் போறாவ. வால்வு கெட்டுப் போச்சாம். எங்க வீட்டுக்காரர் காலைல மொத பஸ்ஸுல வந்துருவாரு. கோழியைத் தொறந்து விட்டுட்டுத்தான் கெளம்புவாரு, பஞ்சு மாதிரி மனுசன். டாக்டர் வந்து, 'பயமா இருக்காம்மா?'ன்னு கேட்டாரு. 'சாவுக்குப் பயமில்ல டாக்டர்'னேன். தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மிச்சத்தை அவரு கேக்கல. சாவுக்குப் பயமில்ல பிள்ள. போய்ச் சேருத எடத்துக்குத்தான் பயம். நரகத்தைச் சொல்லல. பரலோகத்தைத்தான் சொல்லுதேன்.

நான் ஒண்ணும் ஊழியக்காரி கிடையாது. எட்டாங்கிளாஸு. வீட்டுல ஒரு தையல் மெஷினு, அவ்வளவுதான். எங்க ஊரு உப்பளத்து ஊரு. எங்க தெருவுல எபனேசர்னு ஒரு அண்ணன், முப்பது வருசம் உப்புல நின்ன மனுசன். கிட்னி ரெண்டும் போயிக் கெடந்தாரு. பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு. நாங்க நாலு பொம்பளைய பாட்டுப் பாடிட்டு எந்திரிக்கும்போது அந்த அண்ணன், 'யம்மா, அங்க எப்பிடி இருக்கும்?'னு கேட்டாரு. டெய்சிதான் ஆரம்பிச்சா, தங்கத் தெரு, கண்ணாடி மாதிரி கடலு, ஒரே வெளிச்சம்னு. அந்த மனுசன் மூஞ்சி சுருங்கிட்டு. 'மினுக்குமோ?'ன்னாரு. உப்பு மினுக்குத மினுக்குல கண்ணு அவிஞ்ச ஆளு பிள்ள! அவருகிட்டப் போயி கண்ணாடிக் கடலு!

எனக்கு எங்கேருந்து வந்துதுன்னு தெரியாது. 'மினுக்காதுண்ணே. நல்ல புங்கமர நெழலு. வாசல்ல உங்க கால் அளவுக்கு ஒரு சோடி செருப்பு கெடக்கு. ஆண்டவர் எந்திரிச்சு வாராரு. தூதனை அனுப்பல, அவரே வாராரு. எபனேசரு, வந்துட்டியா, சாப்ட்டியான்னு கேக்காரு. அவருக்குப் பின்னால யாரு நிக்கா பாருங்க, உங்க அம்மா'ன்னேன். அவரு சிரிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டாரு, அந்தச் சிரிப்போடயே.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடா கூப்பிட ஆரம்பிச்சாவ. நானும் சும்மா போயி அளக்க மாட்டேன். போன ஒடனே வீட்டுக்காரங்ககிட்ட விசாரிப்பேன், இவுகளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, யாரு யாரு முன்னால போயிட்டாவன்னு. கண்டக்டர் வேலை பாத்த ஒருத்தருக்கு ஜன்னல் சீட்டு போட்டுக் குடுத்தேன், நிக்கவே வேண்டாம்னு. மூணு பிள்ளையப் பெத்து மூணையும் மண்ணுக்குக் குடுத்தவளுக்கு மூணையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வாசல்ல நிறுத்துனேன். கடைசியா எப்பவும் அதுதான், ஆண்டவருக்குப் பின்னால யாரு நிக்கான்னு சொல்லுதது. அதைச் சொன்னா கண்ணு தானா மூடிரும். அதுல நான் கெட்டிக்காரி. பாஸ்டர் ஐயாவுக்கு ஆளனுப்புததுக்கு முன்னால எனக்குத்தான் ஆளனுப்புவாவ. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைதான். இப்ப எதுக்கு உன்கிட்ட மறைக்க.

எங்க வீட்டுக்கு அடுத்த வீடு வயலட் அக்கா வீடு. நடுவுல ஒரு மதிலுதான். அக்கா வீட்டுக்காரர் தனசிங் அண்ணாச்சி, எங்க ஊரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரு. கோயில்ல பாடகர் குழுவுக்கு அவருதான் தலைவரு. குரலுன்னா குரலு, தூணு அதிரும். கிறிஸ்மஸ் ஆராதனையில அவரு பாடுனா எனக்குப் புல்லரிச்சுரும். ஊர்ல அவருக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டுல அவரு வேற மாதிரி.

சத்தம் கேக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் கேக்காம இருக்குமா? மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாரு. குழம்பு ஆறிட்டுன்னா கேக்கும், ஆறலைன்னாலும் கேக்கும். அடுப்படியில எங்க ரேடியோ இருக்கும். நான் அதைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். எங்க பிள்ளைய காதுல விழப்படாதுல்லா, அதுக்குத்தான். அடுத்த வீட்டுக் காரியத்துல நாம எப்பிடித் தலையிட முடியும், நீயே சொல்லு.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்கா எங்க வீட்டுப் பின்வாசல் வழியா வந்தாவ. உதடு கிழிஞ்சிருந்துது. 'கனகம், இங்கன கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்'னாவ. நான் காபி போட்டுக் குடுத்தேன். நல்ல திக்கா, சீனி தூக்கலாப் போட்டு. 'அண்ணாச்சி தேடுவாவக்கா, போங்க, ஜெபம் பண்ணிக்கிடுங்க, ஆண்டவர் மாத்துவாரு'ன்னு சொல்லி அனுப்பி வச்சேன். வெறும் வயித்தோட அனுப்பல, அதையும் சொல்லணும்லா.

அண்ணாச்சி நாலு வருசத்துக்கு முன்னால வாதம் வந்து போயிட்டாரு. ஆளுயரப் போஸ்டரு, மகிமைக்குள்ள போயிட்டாருன்னு. எட்டு ஊரு பாஸ்டர்மாரு வந்தாவ. அக்கா அழல. அதுக்குப் பெறவு அந்த மனுசியைப் பாக்கணுமே! வாசக்கதவு பகல் பூராவும் தொறந்து கெடக்கும். ரெண்டு முயல் வாங்கி வளத்தாவ. சத்தமாச் சிரிப்பாவ. 'புருசன் செத்தவ சிரிக்க சிரிப்பைப் பாரு'ன்னு டெய்சி சொல்லுவா. நானும் சேந்து சொல்லியிருக்கேன். பொழுது அடைஞ்சா மட்டும் கதவைச் சாத்திருவாவ. ஆசாரியைக் கூப்பிட்டு உள்பக்கம் புதுசா ஒரு தாழ்ப்பாள் போட்டாவ, பெருவிரல் தண்டிக்கு இரும்பு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதுக்குத் தேங்காண்ணெய் போட்டுத் தொடைப்பாவ. நான் ஒரு நாள், 'என்னக்கா, அண்ணாச்சி கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்துருவாவன்னா?'ன்னு கேலி பேசுனேன். அக்கா சிரிக்கல. தொடைச்சுக்கிட்டே இருந்தாவ.

போன வருசம் அக்காவுக்கு வயித்துல கட்டி. பாத்துட்டு, வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாவ, உங்க அம்மாவைச் சொன்ன மாதிரிதான். மகன் வின்சென்ட் வந்து, 'சித்தி, அம்மாவுக்கு நீங்க வந்து சொல்லணும்'னான். நான் நல்ல சேலை உடுத்திக்கிட்டுப் போனேன். விசாரிக்கல பிள்ள. முப்பது வருசம் அடுத்த வீடு, எனக்குத் தெரியாதாங்குத நெனப்பு.

கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். தோட்டம் இருக்குக்கா, முயலு ஓடுதுன்னேன். அக்கா மூஞ்சி மலந்துட்டு. ஆண்டவர் எந்திரிச்சு வாராரு, 'வயலட்டு, வந்துட்டியா, சாப்ட்டியா'ன்னு கேக்காருன்னேன். 'என்னைக் கேப்பாரா?'ன்னாவ. அவுகளை யாரும் அப்பிடிக் கேட்டிருக்க மாட்டாவ போல. கண்ணுல தண்ணி. 'கனகம், அங்க கதவு உண்டா?'ன்னாவ. 'கதவே கிடையாதுக்கா, ராப்பகலாத் தொறந்தே கெடக்கும்'னேன். நல்லதைச் சொல்லுதோம்னுதான் சொன்னேன். அப்பவே அக்கா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. நான் கவனிக்கல. பழக்க தோசம், வாயி தானா ஓடுது. 'ஆண்டவருக்குப் பின்னால யாரு நிக்கா பாருங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, மூணு வருசமா உங்களுக்காகவே காத்துக்கிட்டு, நம்ம அண்ணாச்சி!'ன்னேன்.

அந்தப் பிடியை நான் இன்னும் மறக்கல. எலும்பா கெடந்த கை, அதுக்கு எங்கேருந்து அவ்வளவு பெலம் வந்துதோ. என் கையை நொறுக்கிட்டாவ. 'கதவே கிடையாதுன்னியே கனகம். அப்ப நான் எங்கன போயி ஒளிய?'ன்னாவ.

கையை உருவிக்கிட்டேன். எந்திரிச்சு வந்துட்டேன். வாசல்ல வின்சென்ட், 'நல்லாச் சொன்னீங்களா சித்தி?'ன்னான். 'சொல்லிட்டேம்பா'ன்னேன்.

அன்னைக்கே போக வேண்டிய உசுரு, ஒம்பது நாளு இழுத்துது. அக்கா சாக மாட்டேன்னுட்டாவ பிள்ள! மூச்சு விட முடியல, தண்ணி எறங்கல, ஆனா உசுரை விடல. கண்ணு சொருகும், ஒடனே திடுக்குன்னு முழிச்சிருவாவ. எங்க அடுப்படி ஜன்னல்ல நின்னா அவுக கட்டிலு தெரியும். மூணாம் நாளு வின்சென்ட் வந்தான், 'அம்மா உங்களைக் கேக்காவ சித்தி'ன்னு. காய்ச்சல்னேன். ஆறாம் நாளும் வந்தான், 'ஒரே ஒரு விசயம் கேக்கணுமாம்'னு. கோயில்ல பூக்கட்டுத வேலை இருக்குன்னேன்.

என்ன கேப்பாவன்னு எனக்குத் தெரியும்லா. அவரு நெசமாவே அங்க நிக்காரான்னு கேப்பாவ. நான் என்ன சொல்ல? நிக்கலைன்னு சொல்லணுமா? ஊரே பாடி அனுப்பி வச்ச மனுசனை நான் எப்பிடி வெளிய தள்ள? அண்ணாச்சி கடைசி நிமிசத்துல மன்னிப்புக் கேட்டிருந்தா? ஆண்டவர் மன்னிக்கவரு. மன்னிச்சு, வெள்ளைச் சட்டையும் குடுத்து, வாசல்ல நிறுத்தியிருந்தா? அதை நெனச்சாத்தான் எனக்குப் பயம். பெறவு பாஸ்டர் ஐயாகிட்ட யாரோ கேட்ட மாதிரி கேட்டேன். 'அங்க புருசன் பொண்டாட்டிங்கதே கிடையாதும்மா, எல்லாரும் தூதரு மாதிரி'ன்னாரு. தூதனுக்கும் கை இருக்கும்லா ஐயான்னு கேக்கணும்னு வந்துது. கேக்கல.

ஒம்பதாம் நாளு மத்தியானம் நான் அடுப்படியில நிக்கேன். ஜன்னல்ல பாக்கேன். அக்கா ரெண்டு கையையும் மேல தூக்குனாவ. அந்த வீட்டுல கூடியிருந்தவுக எல்லாரும் ஆர்ப்பரிச்சுட்டாவ, கையை உசத்தி ஆண்டவரைத் துதிக்காவன்னு. கைதட்டிப் பாட ஆரம்பிச்சுட்டாவ. எனக்கு அந்தக் கையைத் தெரியும் பிள்ள. எத்தனையோ மத்தியானம் அதே ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். மூஞ்சிக்கு முன்னால இப்பிடி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை வெளிய தெரிய. அடியைத் தடுக்குத கை அது.

அந்த நேரம் ஓடியிருக்கணும் நான். ஓடிப்போயி, 'அக்கா, நான் பொய் சொல்லிட்டேன், அங்க கதவு உண்டு, உங்க ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, நீங்க தொறந்தாத்தான் யாரும் உள்ள வர முடியும்'னு கத்தியிருக்கணும். எட்டி வச்சா பத்து எட்டு இருக்குமா? பத்து எட்டுதான்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ரேடியோவைக் கூட்டி வச்சேன்.

அடக்க ஆராதனையில வின்சென்ட் சாட்சி சொன்னான், அம்மா துதிச்சுக்கிட்டே போனாவன்னு. எல்லாரும் ஆமென்னாவ. நானும் ஆமென்னேன். டெய்சி என்னைக் கட்டிப் பிடிச்சா, 'நம்ம கனகம் சொல்லி அனுப்புன பரலோகம்லா'ன்னு. சவத்து மூதி. அவளைச் சொல்லி என்ன.

இப்ப என் முறை, நாளைக்கு. மூணு நாளா ராத்திரி கண்ணை மூடிக்கிட்டு நானே எனக்குச் சொல்லிப் பாக்கேன். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தனக்குச் சொல்ல வராதா? வருது, வராம இல்ல. புங்கமரம் வருது. வாசல் வருது. ஆனா சாத்தியிருக்கு. நான் வெளிய நின்னு தட்டுதேன். 'ஆண்டவரே, கனகம் வந்திருக்கேன்'ங்கேன். ஆளு இருக்கது தெரியுது, உள்ள நடமாட்டம் கேக்குது. யாரும் வரல. இன்னும் பலமாத் தட்டுதேன். அப்ப உள்ள ரேடியோவைக் கூட்டி வைக்காவ.

அந்தச் சத்தத்துல திடுக்குன்னு முழிச்சிருதேன். அக்கா முழிச்ச மாதிரியேதான். நாளைக்கு மயக்க ஊசி போட்டா எப்பிடிப் பிள்ள முழிப்பேன்?

அழாத. உன்னை அழ வைக்கச் சொல்லல. ஏன் முடியாதுங்கேன்னு உனக்குத் தெரியணும்னுதான். நீ என்ன சொல்லுத? உங்க அப்பா அப்பிடி இல்லியா? தங்கமான மனுசனா? இருக்கட்டும். ரொம்ப சந்தோசம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்லியா, அம்மாவும் அப்பாவும் அவ்வளவு ஒத்துமையா? சபையில அவருக்கு அவ்வளவு பேரா? வாசல்ல அப்பா நிக்காருன்னு சொன்னா அம்மா நிம்மதியாப் போயிருவாவன்னு சொல்லுத. ஆமா. வின்சென்டும் இதைத்தான் சொன்னான். இதே வார்த்தை.

இரு. திரையை வெலக்கு. உங்க அம்மா கண்ணு தொறந்திருக்கு பாரு. எப்ப முழிச்சாவ? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்திருக்காவ. என்னைத்தான் பாக்காவ.

பிள்ள, நீ ஒரு காரியம் செய்யி. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கிட்டுக் கீழ போயி வெந்நீ வாங்கிட்டு வா. இதுல வெந்நீ இருக்கா? இருந்தா இருக்கட்டும், இது ஆறிட்டு. வேற வாங்கிட்டு வா. பைய வா. படியிலயே போ, லிஃப்டு வேண்டாம். கேள்வி கேக்காத, போன்னா போ.

போயிட்டா.

அக்கா. அன்னபாக்கியம்தானே உங்க பேரு? சீட்டுல பாத்தேன். நான் உங்க கட்டில்ல உக்காந்துக்கிடுதேன், நர்ஸ் வஞ்சா வையட்டும். பேச வேண்டாம், அந்த மூக்குக் குழாயை எடுக்காதீய. தலையை ஆட்டுனாப் போதும். நான் இதை இதுக்கு முன்னால யாருகிட்டயும் கேட்டதில்ல. கேட்டிருக்கணும். உங்க மக அங்க கீழ போயிட்டா, நம்ம ரெண்டு பேருதான். எனக்கும் பயந்தான் அக்கா, உங்களைவிட அதிகமாவே இருக்கும். வாசல்ல ஆண்டவருக்குப் பின்னால உங்க வீட்டுக்காரர் நிக்கலாமா?

கதவை ஏன் பாக்கீய? அவ வரமாட்டா. நாலு மாடி எறங்கி ஏறணும்.

என்ன? இன்னொரு தடவை ஆட்டுங்க. வேண்டாம்னுதானே ஆட்டுதீய?

சரி. சரிக்கா. சரி. அவரு நிக்கல. யாரும் நிக்கல. நான் சொல்லுதேன், கேளுங்க. ஒரு வீடு இருக்கு. அதுக்குக் கதவு இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாள், பெருவிரல் தண்டிக்கு இரும்பு, எண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கு. ஆண்டவரே வந்தாலும் வெளிய நின்னு தட்டிட்டுத்தான் வரணும். அன்னபாக்கியம், வரட்டுமான்னு கேட்டுட்டுத்தான் வரணும்.

நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க. நொறுங்குனா நொறுங்கட்டும். நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். காலைல என்னை வந்து தூக்குத வரைக்கும் இங்கனதான் இருப்பேன். பயமா இருந்தா நீங்க கத்துங்கக்கா. எனக்குக் கேக்கும். இங்க ரேடியோ கிடையாது.